விரதம் இருந்த ரெகுலேட்டர்

புதிதாக ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் உங்களுக்கு நிறையப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். சங்கிலியால் கட்டி வை, மூடியைத் திருகி வை, நெருப்புக் கிட்டே வராமல் பார், எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படவிடாதே. எல்லாம் சரிதான். ஒரே ஒரு படத்தை மட்டும் விட்டிருப்பார்கள். கையில் பாதி கடித்த மசால் வடையோடு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும் ஓர் அனுபவசாலியின் படம். அந்த அனுபவசாலி நான்தான்.

விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் கேட்டுக்கொண்டதால் வாங்கினேன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். இருபத்தைந்து வருடம் ஆக்சிஜனோடு குடித்தனம் நடத்தியவன் ஆயிற்றே, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுது என்றார்கள். வெற்றிக் கதை எதுவும் கைவசம் இல்லை. குழம்பிய கதைகள் உண்டு. அவற்றில் முதல் தரமானதை எடுத்து வைக்கிறேன்.

எங்கள் ஆய்வகம் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம். மூன்று அறை, பின்னால் ஒரு கம்பிக் கூண்டு, அவ்வளவுதான். மலையில் விளையும் சாமை, தினை, மாட்டுத் தீவனம் எல்லாம் சோதனைக்கு வரும். சாமையில் ஒரு சிட்டிகை எடுத்து, கனமான எஃகுக் கலத்துக்குள் வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி எரித்துப் பார்த்தால், அதில் எவ்வளவு கலோரி என்று தெரிந்துவிடும். அந்தக் கலத்துக்கு எங்கள் தொழிலில் 'பாம்' என்று பெயர். இதை ஒருநாள் சந்தையில் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து நாங்கள் 'பாம் ஆபீஸ்'. ஜீப்காரர்களே, "பாம் ஆபீஸ் எறங்குறவங்கல்லாம் எறங்குங்க" என்றுதான் குரல் கொடுப்பார்கள்.

கூண்டுக்குள் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்கள். அவற்றின் தலையில் மாட்ட இரண்டு ரெகுலேட்டர்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று உபரிக்கு. ரெகுலேட்டர் என்றால் கடிகாரம் மாதிரி இரண்டு முகம் வைத்த பித்தளைச் சாமான். சிலிண்டருக்குள் முட்டி மோதிக்கொண்டிருக்கும் வாயுவை அடக்கி, வேண்டிய அளவு வெளியே விடுவது அதன் வேலை. எங்களுடையவை இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் இதில்தான் போகப்போகிறது.

ஆய்வகத்தில் இருந்தது நானும், உதவியாளர் சின்னப்பொண்ணும். அதிகாரி கீழே திருப்பத்தூரில். மாதம் ஒருமுறை மலையேறுவார். சின்னப்பொண்ணு பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் கழுவிய கண்ணாடிக் குடுவையில் நீங்கள் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். சேர்ந்த முதல் வாரமே ரெகுலேட்டரின் திருகு கிறீச்சென்றதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டா இன்னா சார்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இருந்தது. அழுத்தத்தோடு ஆக்சிஜன் பாயும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். வெடிக்கும். எதிரே முகம் இருந்தால் முகம் போகும். அரை நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் என் வாய் அப்படி வளர்க்கப்பட்ட வாயா?

"அது வெரதம் இருக்குது சின்னப்பொண்ணு. எண்ணெய்ப் பலகாரம் ஆகாது" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்துவிட்ட திருப்தியில் காரணத்தைச் சொல்ல மறந்தே போனேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவள் ரெகுலேட்டர் பக்கம் எண்ணெயைக் கொண்டு போகவே இல்லை. பாதுகாப்பைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்த மேதை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு ஊறிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பூஜையன்று விடுமுறை என்பதால், அலுவலகப் பூஜையை அதற்கு முந்தின நாளே முடித்துவிடுவோம். பூஜைக்காக முன்கூட்டியே சிலிண்டர் வால்வை அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, இரண்டு ரெகுலேட்டர்களையும் அலமாரியில் வைத்திருந்தேன். அதுவரைக்கும் நான் ஒழுங்கான ஆள்தான்.

பூஜை நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆய்வகம் கல்யாண வீடாக இருந்தது. மேசைமேல் சாமி படம். அதன்முன் ஸ்பேனர், தராசு, கத்தரிக்கோல், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சுவரில் நான் மாட்டியிருந்த 'எண்ணெய் கூடாது' பலகையைக்கூட விடவில்லை. அதற்குப் பட்டை விபூதி. 'கூடாது' விபூதிக்குள் மறைந்து, 'எண்ணெய்' மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நடுநாயகமாக, மாப்பிள்ளையும் பெண்ணும் போல, ஜோடியாக இரண்டு ரெகுலேட்டர்கள்.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஓரமாக வாழையிலையில் இருந்த மசால் வடைதான் கண்ணை இழுத்தது. ஒன்றை எடுத்தேன்.

"சாமிக்குப் படைக்காத முன்னயே எடுக்கிறீங்களே சார்!"

"சாம்பிள் எடுக்கிறேன்மா. நம்ம வேலையே அதுதானே."

இந்த நகைச்சுவையைச் சொல்லி முடிக்கவும், சின்னப்பொண்ணின் கணவன் கோவிந்தன் வாசலில் வந்து விழாத குறையாக நிற்கவும் சரியாக இருந்தது.

"சார், எங்கம்மாவுக்கு மூச்சு இழுக்குது சார். எதிர்ல ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம். சிஸ்டர் பெரிய சிலிண்டர தொறந்தா மூக்குக்குக் காத்து வரல, ரெகுலேட்டர் கிட்டயே புஸ்ஸுன்னு வெளிய போவுது. சின்ன சிலிண்டர்ல கொஞ்சம்தான் கீதாம். ஆம்புலன்ஸ் ஆலங்காயத்துல இருந்து இப்பதான் ஏறுதாம். உங்ககிட்ட இருக்கிற ரெகுலேட்டர வாங்கியாரச் சொன்னாங்க."

எங்கள் ஆய்வகத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையம். ஆலங்காயத்திலிருந்து மலை வளைவுகளில் ஆம்புலன்ஸ் ஏறி வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். சின்னச் சிலிண்டர் அவ்வளவு நேரம் தாங்காது என்றும் தெரியும்.

பாய்ந்து போய் ஒரு ரெகுலேட்டரைத் தூக்கினேன். பளபளவென்று இருந்தது. பித்தளைக்கு இவ்வளவு பளபளப்பு ஆகாது.

"சின்னப்பொண்ணு, இது ஏன் இப்படி மினுங்குது?"

"எண்ணெ போட்டுத் தொடச்சேன் சார். இன்னிக்கிப் பூஜையாச்சே. வெரதம் முடிஞ்சிடும் இல்ல?"

கையிலிருந்த பாதி வடையை மேசை ஓரத்தில் வைத்தேன்.

தம்பிகளே, அவள் தப்புச் செய்யவில்லை. நான் சொன்னதை அவள் முழுசாக நம்பியிருக்கிறாள். விரதம் என்று ஒன்று இருந்தால் அதை முடிக்கிற நாள் என்று ஒன்று இருக்க வேண்டும். பூஜை நாளைவிட நல்ல நாள் ஏது? அவள் கணக்கு சரி. நான் போட்டுக்கொடுத்த புள்ளிதான் கோணல்.

"ரெண்டுக்குமா போட்ட?"

"ஒண்ணுக்குதான் சார். அதுக்குள்ள நல்லெண்ணெ தீந்து போச்சி. இன்னொண்ண வெறும் துணியிலயே அதே மினுக்கு வர்ற வரைக்கும் தேச்சேன்."

"எதுக்குப் போட்ட?"

அவள் இதையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாரி கீதே சார்!"

"சின்னப்பொண்ணு, எண்ணெ பட்டத ஆக்சிஜன்ல மாட்டித் தொறந்தா வெடிக்கும்!"

ஏழெட்டு மாதம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் கத்திச் சொன்னேன்.

"ஐயோ சார், ஊரு இன்னா பேசும்? நேத்துதான் சாமை காயவெக்கிறதுல அத்தைக்கும் எனக்கும் பெரிய ரகள. மாமியாள மருமவளே எண்ணெ தடவி அனுப்பிட்டாள்னு சொல்லுவாங்களே!"

அடுத்து நான் நடத்திய ஆராய்ச்சிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மற்றதை எடுத்துப் பிடித்தேன். இடது கைக்கு மாற்றினேன், வலது கைக்கு மாற்றினேன், முதலில் எடுத்தது எது என்பதே மறந்துபோனது. விரலால் தேய்த்தேன். மோந்தேன். நாக்கு நுனியால்கூடத் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் சந்தனம். "இதுதான்!" என்றேன். "இல்ல, அது!" என்றேன். கோவிந்தன் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்து, "சார், எதுனா ஒண்ணு குடுங்க சார்" என்று கெஞ்சினான்.

மறுபடியும் மோந்தேன். இப்போது இரண்டிலும் ஒரே வாசனை. ஆனால் அது நல்லெண்ணெய் வாசனை இல்லை. வெங்காயம். சோம்பு. மெதுவாக என் விரல்களைப் பார்த்தேன். பத்து விரலும் மினுமினுவென்று இருந்தன.

நான் உள்ளே நுழையும்வரை இந்த மேசையில் சுத்தமான ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. எது என்று தெரியாது, ஆனால் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கிற வேகத்தில் நானே அதையும் வடை எண்ணெயில் குளிப்பாட்டிவிட்டேன்.

கோவிந்தன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், இதற்காகத்தான் எழுதுகிறேன். அந்த அரை நிமிடத்தில் என் மூளை என்னென்ன சொன்னது தெரியுமா? 'துளி எண்ணெய்தானே, என்ன ஆகிவிடும்?' என்றது. 'ஸ்பிரிட் இருக்கிறதே, ஒரு துடை துடைத்துக் கொடு' என்றது. என் கை ஸ்பிரிட் புட்டியைத் தொட்டும்விட்டது. ஸ்பிரிட் எண்ணெய்க்கு அண்ணன், அதைவிட வேகமாகப் பற்றும் என்று இருபது வருடமாக மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த கை அது. 'கிழவிக்கு ஏதாவது ஆனால் நீதான் காரணம்' என்றது. ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பயம் வந்தால் மூளை முட்டாள்தனமாகப் பேசும் என்று நினைக்காதீர்கள். வக்கீல் மாதிரிப் பேசும்.

என்னைத் தடுத்தது அறிவு இல்லை. ஒரு படம். அங்கே வால்வைத் திறக்கப் போவது நான் இல்லை, சிஸ்டர். ரெகுலேட்டருக்கு நேர் எதிரே அவர் முகம் இருக்கும். கையெட்டும் தூரத்தில் கட்டில், அதில் கிழவி. அந்தப் படம் கண்ணுக்குள் வந்ததும் கை தானாகப் பின்னால் வந்தது.

"குடுக்க முடியாது கோவிந்தா."

"எங்கம்மா சாவட்டும்ன்றீங்களா?"

"இல்லப்பா. ரெண்டுலயும் எண்ணெ பட்டுடுச்சி. நான் வர்றேன்."

"நீங்க வந்து இன்னா பண்ணுவீங்க? வாயால ஊதுவீங்களா?"

நியாயமான கேள்வி. மூன்று பேரும் ஓடினோம்.

சுகாதார நிலையத்தில் கிழவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகமூடிக்குள் மூச்சை இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். சின்னச் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் என் வெறுங்கையைப் பார்த்தார்.

எண்ணெய், விரதம், வடை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் வடைக்கு அதிர்ச்சி அடையவில்லை. "அது இருக்கட்டும். உங்க ரெகுலேட்டர்ல எவ்ளோ பிரஷர் வெளிய வரும்?" என்றார்.

அளவைச் சொன்னேன். சொன்னதும் எனக்கே உறைத்தது. எங்கள் ரெகுலேட்டர் எஃகுக் கலத்துக்குள் ஆக்சிஜனைத் திணிப்பதற்கென்றே வாங்கியது. அந்த அழுத்தத்துக்கு மனுஷ மூக்கு எந்த மூலைக்கு? எண்ணெயே படாமல் புத்தம் புதிதாக இருந்திருந்தாலும் அதை இங்கே மாட்டக்கூடாது. எது சுத்தம், எது அழுக்கு என்று உயிர் போகிற அவசரத்தில் நான் மல்லுக்கட்டிய இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாதவை. தப்பான கேள்விக்குச் சரியான பதிலைத் தேடி வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிஸ்டரும் அதைப் புரிந்துகொண்டார். "டென்ஷன்ல நானும் கேட்டு வுட்டுட்டேன்" என்றார்.

ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பெரிய சிலிண்டரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு போனேன்.

"சார்! கைய பின்னால கட்டுங்க!"

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கட்டிக்கொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் காலையில் முதல்முறையாக எனக்கு யோசனை என்று ஒன்று வந்தது அப்போதுதான். கைக்கு வேலை இல்லாமல் போனதும் வாய்க்கு ஒரு உருப்படியான கேள்வி கிடைத்தது.

"இது எப்பலருந்து இப்படி லீக் ஆகுது சிஸ்டர்?"

"காலம்பற சிலிண்டர் மாத்தினதிலருந்து."

"பழைய சிலிண்டர்ல?"

"நேத்து வரைக்கும் நல்லாதான் போச்சி."

புஸ்ஸென்று காற்றுப் போகிறது என்று கோவிந்தன் ஆரம்பத்திலேயே சொன்னான். அதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் இவ்வளவு கூத்தும் இல்லை. சிலிண்டர் மாற்றியதும் இணைப்பில் கசிந்தால், ரெகுலேட்டர் கெட்டதா என்று பார்ப்பதற்கு முன், நடுவில் இருக்கவேண்டிய வாஷர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே தப்பை நானே மூன்று முறை செய்திருக்கிறேன்.

"பழைய சிலிண்டர் எங்க?"

மூலையில் நின்றது. நான் அசையவில்லை. "சின்னப்பொண்ணு, சோப்புப் போட்டுக் கைய ரெண்டு தடவ கழுவு. நல்லாத் தொட. அது வாய்ல இன்னா கீதுன்னு பாரு."

அவள் கழுவினாள். குடுவை கழுவுகிற அதே கழுவல். துடைத்தாள். குனிந்தாள்.

"கறுப்பா சின்ன வளையம் மாரி ஒண்ணு ஒட்டிக்கினு கீது சார்."

சிஸ்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கிழியவில்லை. பெரிய சிலிண்டரின் வால்வை அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, வளையத்தை அதன் இடத்தில் வைத்து, திரும்ப மாட்டி இறுக்கினார். முகத்தை விலக்கி, பக்கவாட்டில் நின்று, வால்வை மெல்லத் திறந்தார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் இல்லை. முள் எழும்பியது. தண்ணீர்ப் புட்டிக்குள் குமிழி விடத் தொடங்கியது. கிழவியின் குழாயை இதற்கு மாற்றிய சிறிது நேரத்தில் சின்னச் சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கிழவியின் தோள் இறங்கியது. கட்டில் விளிம்பை விட்டு ஒரு கை எழுந்தது. முகமூடியை லேசாக விலக்கினாள்.

"ஏன்டி, காத்துகூட உன் கை பட்டாதான் எனக்கு வருமா?"

"பேசாம மூடிய மாட்டுங்க அத்த" என்றாள் சின்னப்பொண்ணு. சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம்தான் ஆம்புலன்ஸ் வந்தது. கிழவி கீழே போய், நாலைந்து நாளில் திரும்பி வந்து, சாமை விஷயத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள் என்று கேள்வி.

அன்று மத்தியானம் பூஜை நடந்தது. கற்பூரத்தை வெளியே வாசலில் ஏற்றினோம். இரண்டு ரெகுலேட்டர்களிலும் 'பயன்படுத்தாதே' என்று சீட்டுக் கட்டி, முறையாகச் சுத்தம் செய்து சோதித்து வாங்கக் கீழே அனுப்பினேன். நடந்ததை எழுதி அதிகாரிக்கும் அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டு, "வடைன்னு எழுதணுமாய்யா? உணவுப் பொருள்னு எழுதக்கூடாதா?" என்றார். "வடைன்னே இருக்கட்டும் சார். அடுத்து வர்றவனுக்குப் புரியணும்" என்றேன்.

பிறகு சின்னப்பொண்ணை உட்காரவைத்து, சிரிக்காமல், காரணத்தை முழுசாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள், "இத மொதல்லயே சொல்றதுக்கு உங்களுக்கு இன்னா சார் வந்துச்சி?" என்றாள். அதற்கும் ஒரு நகைச்சுவை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். ஆகவே சிரிக்க வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ஏன்' என்று ஒருத்தர் கேட்டால், முதலில் ஏனென்று சொல்லிவிட்டுப் பிறகு சிரிக்க வையுங்கள்.

அடுத்த ஆயுத பூஜையில் ரெகுலேட்டர்கள் உறைக்குள், அலமாரிக்குள், பூட்டுக்குள் இருந்தன. பூட்டுக்கு மட்டும் ஒரு பொட்டு. சின்னப்பொண்ணு வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களின் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து அனுப்பினாள். முதல் கை என்னுடையது.

நான் ஓய்வு பெற்ற நாளன்று மாலை போட்டார்கள், சந்தனம் தந்தார்கள், பக்கோடா தந்தார்கள். கிளம்பும் முன் சிலிண்டர் கூண்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று பின்பக்கம் போனேன். சின்னப்பொண்ணு கதவில் கைவைத்து மறித்துக்கொண்டாள்.

"கையக் காட்டுங்க சார்."

"இன்னிக்குக்கூடவா?"

"பக்கோடா துன்னுட்டு வர்றீங்க. வெளியவே நின்னு பாத்துட்டுப் போங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன்.